1953-ல் கட்டிய வீடு: வாங்கும் முன் எங்கெங்கே தட்டிப் பார்க்க வேண்டும்

எங்கள் வீட்டின் பழைய பத்திரத்தை முதல்முறை பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. நாங்கள் வீடு வாங்கியது நியூ ஜெர்சியில், எடிசனில். 1953-ல் எழுதிய பத்திரத்திலோ 'ராரிட்டன் டவுன்ஷிப்' என்று இருந்தது. ஊரே தப்பாக இருக்கிறதே, வேறு எவர் வீட்டுப் பத்திரத்தையோ நம் தலையில் கட்டிவிட்டார்களா என்று பதறி வக்கீலுக்கு ஃபோன் போட்டேன். அவர் சிரித்துவிட்டு, 1954 வரைக்கும் ஊர்ப் பெயரே அதுதான் என்றார். தாமஸ் எடிசனின் ஆய்வுக்கூடம் இங்கே மென்லோ பார்க்கில் இருந்ததை வைத்து அந்த ஆண்டு பெயரை மாற்றியிருக்கிறார்கள். ஆக, எங்கள் வீடு ஊரின் பெயரைவிட ஒரு வயது மூத்தது.

ஒவ்வொரு வசந்த காலத்திலும் யாராவது கேட்பார்கள்: "அக்கா, ஐம்பதுகள்ல கட்டின வீடு ஒண்ணு பார்த்தோம், விலை தோதா இருக்கு, வாங்கலாமா?" வாங்கலாம். ஆனால் அந்த வீட்டில் எது எதனால் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். நான் எஞ்சினியர் இல்லை. ஒரு மருந்துக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. எதையும் இரண்டு தடவை பார்க்கிற புத்தி மட்டும் உண்டு. ஃபோனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் ஒரே தடவையாக எழுதி வைக்கிறேன்.

மன்னார்குடியிலிருந்து வந்த என் மாமனார், பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர், வந்த அன்றே ஹாலின் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "என்னம்மா, டம்டம்முங்குது? அட்டைப்பெட்டிக்குள்ளயா குடியிருக்கீங்க?"

சுவருக்குக் காரணம் அவசரம். முப்பதுகளின் பொருளாதார மந்தம், அப்புறம் போர் என்று பதினைந்து வருடம் இந்த நாட்டில் வீடு கட்டுவது மிகவும் குறைந்திருந்தது. 1945-ல் போர் முடிந்ததும் லட்சக்கணக்கான வீரர்கள் ஊர் திரும்பினார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், குடியிருக்க இடமில்லை. 1944-ல் வந்த சட்டம் ஒன்று, முன்னாள் வீரர்களின் வீட்டுக் கடனுக்கு அரசாங்கம் உத்தரவாதம் தரும் என்றது. கையில் ஒரு டாலர் முன்பணம் இல்லாமலே வீடு வாங்க முடிந்தது. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் லெவிட் குடும்பத்தார் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, 1947-க்கும் 1951-க்கும் நடுவில் 17,000-க்கும் அதிகமான வீடுகளைக் கட்டினார்கள். கட்டும் வேலையை 27 படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டமும் ஒரே வேலையை வீடு வீடாகச் செய்துகொண்டு போனது. கார் தொழிற்சாலையில் கார் நகரும், ஆள் நிற்பான். இங்கே வீடு நின்றது, ஆள் நகர்ந்தான். வேகமான நாட்களில் ஒரு நாளைக்கு 30 வீடுகளுக்கு மேல் முடிந்தன. சாந்து பூசினால் காய நாளாகும்; ஜிப்சம் பலகை என்றால் ஆணியடித்து அன்றைக்கே அடுத்த வீட்டுக்குப் போகலாம். மாமா தட்டிப் பார்த்தது அதைத்தான்.

எடிசனிலும் அதே கதை. 1948-ல் ஃபோர்டு தொழிற்சாலை இங்கே வந்தது. 1951-ல் டர்ன்பைக் நெடுஞ்சாலை திறந்தது. 1950-ல் சுமார் 16,000 பேர் இருந்த ஊரில் 1960-ல் சுமார் 45,000 பேர். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி அந்த 45,000-த்தில் ஒருவர். கணவர் கொரியப் போரிலிருந்து திரும்பி ஃபோர்டில் வேலைக்குச் சேர்ந்தவர். இந்தக் குறிப்பில் பாதி, அவர் வேலியோரம் நின்று எனக்குச் சொன்னது.

முதலில் வீட்டின் வயது

வரி ஆவணத்தில் இருக்கும் கட்டிய வருடத்தை அப்படியே நம்பாதீர்கள். பல இடங்களில் குத்துமதிப்பாக எழுதியிருப்பார்கள். கழிவறைத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். பழைய பீங்கான் தொட்டியாக இருந்தால் அடிப்பக்கம் தயாரித்த தேதி பதிந்திருக்கும். எங்கள் வீட்டில் மார்ச் 1953. வீடு சுற்றிக் காட்ட வந்த ஏஜென்ட் நான் கழிவறை மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் மாறிவிட்டது. பரவாயில்லை.

வயது ஏன் முக்கியம் என்றால், 1978-க்கு முன் கட்டிய வீட்டில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கலாம். விற்பவர் தனக்குத் தெரிந்ததை எழுத்தில் சொல்லியாக வேண்டும். சோதித்துப் பார்க்க உங்களுக்கு 10 நாள் அவகாசம் கேட்கும் உரிமை உண்டு. தவழும் குழந்தை இருந்தால் ஜன்னல் சட்டங்களைக் கட்டாயம் சோதியுங்கள். ஜன்னலை ஏற்றி இறக்கும்போது பெயின்ட் உரசித் தூளாகி, கீழே குழந்தை கை வைக்கிற இடத்தில்தான் விழும்.

தோட்டத்தில் புதைந்திருக்கும் பூதம்

இந்தப் பக்கத்தில் வீடு வாங்குபவர்களுக்கு நான் சொல்லும் ஒரே கண்டிப்பான விஷயம் இது. அந்தக் காலத்தில் நிறைய வீடுகளுக்கு எண்ணெயில்தான் சூடேற்றினார்கள். நிலக்கரி அள்ளிப் போடும் கரித்தொல்லை இல்லாமல் போனது அன்றைக்குப் பெரிய முன்னேற்றம். எண்ணெய்க்கான இரும்புத் தொட்டியைக் கண்ணில் படாமல் தோட்டத்து மண்ணுக்கடியில் புதைத்துவிட்டார்கள். எழுபது வருடம் மண்ணுக்குள் கிடந்த இரும்பு என்ன ஆகும்? துருப்பிடித்து ஓட்டை விழும், எண்ணெய் மண்ணில் இறங்கும், அந்த மண்ணை அள்ளிச் சுத்தம் செய்யும் செலவு வீட்டுக்காரர் தலையில். பெரும்பாலும் இன்ஷூரன்ஸும் கை விரித்துவிடும்.

நாங்கள் முதலில் பார்த்த வீட்டைக் கிட்டத்தட்ட வாங்கியேவிட்டோம். பரிசோதிக்க வந்தவர், "இப்போ கேஸ்லதான் ஹீட்டிங், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேஸுக்கு மாறியது உண்மைதான். பழைய தொட்டியை எடுத்தார்களா என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் சுவரோரம் ஹைட்ரேஞ்சியா புதருக்குப் பின்னால் கால் இடறி விழுந்தார். இடறியது மூடி போட்ட ஓர் இரும்புக் குழாய். தனியாக ஆள் கூப்பிட்டுக் கருவி வைத்துத் தேடினால், தொட்டி அங்கேயே கிடக்கிறது. பரிசோதனைக் கெடு முடிய இரண்டு நாள் இருந்தது, விலகிவிட்டோம். முழங்கால் சிராய்ப்போடு போனது.

நீங்கள் இடறி விழ வேண்டாம். வெளிச்சுவரை ஒரு சுற்று வாருங்கள்: எண்ணெய் ஊற்றும் குழாயும், காளான் தொப்பி போட்ட காற்றுக் குழாயும் தெரிகிறதா? பேஸ்மென்ட் சுவரில் தரைக்குப் பக்கத்தில் வெட்டி நசுக்கிய செம்புக் குழாய் முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா? எதுவும் தெரியாவிட்டாலும் தேடும் சோதனையைச் செய்துவிடுங்கள். தொட்டியை எடுத்துவிட்டோம் என்று விற்பவர் சொன்னால் டவுன்ஷிப் கொடுத்த அனுமதியும் முடிவுச் சான்றும் கேளுங்கள். நம் ஊர் ஆர்.டி.ஐ. மாதிரி இங்கே 'ஓப்ரா' என்று ஒரு சட்டம் இருக்கிறது. அதில் விண்ணப்பம் போட்டால் அந்த முகவரிக்கு வாங்கிய கட்டட அனுமதிகளையெல்லாம் டவுன்ஷிப்பே எடுத்துக் கொடுக்கும். இன்னொன்று: ஏஜென்ட் தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும், வக்கீல் பார்த்துத் திருத்தவோ ரத்து செய்யவோ இந்த மாநிலத்தில் மூன்று வேலை நாள் உண்டு. அந்த மூன்று நாளுக்குள் இதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

கிரைண்டரும் ஃபியூஸும்

பேஸ்மென்டில் மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். சுவிட்சு சுவிட்சாக இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். கண்ணாடி முகம் வைத்த வட்டமான ஃபியூஸ்கள் வரிசையாக இருந்தால், அது அசல். பல்பைத் திருகுவது மாதிரியே திருகிப் போடுவது. அந்தத் திருகு அளவுக்கே எடிசன் பெயர்தான். எங்கள் வீட்டில் மொத்தம் 60 ஆம்பியர். 1953-ல் ஒரு குடும்பத்துக்கு அது தாராளம்: ஒரு ஃபிரிட்ஜ், டோஸ்டர், இஸ்திரிப் பெட்டி, டி.வி. நாங்கள் குடிபோன முதல் சனிக்கிழமை, இட்லிக்குக் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்க, மைக்ரோவேவையும் போட்டேன். வீட்டில் பாதி இருட்டு. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு டப்பா ஃபியூஸைக் கொண்டுவந்து கொடுத்தார், எழுபது வருடப் பழக்கத்தில் வாங்கி வைத்தது.

அந்த ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. 15 ஆம்பியர் வயருக்கு யாரோ ஒரு புண்ணியவான் 30 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டிருந்தான், அடிக்கடி போகாமல் இருக்கட்டும் என்று. சுவருக்குள் வயர் சூடேறினாலும் அது போகாது. ஆகவே ஃபியூஸ் முகத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள்; 30 என்று இருந்தால் சுவருக்குள் போகும் வயரின் தடிமனை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். பிளக் பாயின்ட்டுகளில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். அழகுக்கு மூன்று ஓட்டை பிளேட்டை மாட்டி ஏமாற்றுபவர்களும் உண்டு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சின்னச் சோதனைக் கருவியைச் செருகினால் விளக்கு காட்டிக்கொடுத்துவிடும். மின்பெட்டியை மாற்றும் செலவை முன்கூட்டியே விலையில் பேசிவிடுங்கள். நாங்கள் பேசவில்லை.

தொடாதே என்று சொன்னால் தொடாதீர்கள்

பேஸ்மென்ட் தரையில் ஒன்பது அங்குலச் சதுர ஓடுகள் பதித்திருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சுவரில் அடியோரம் அலை அலையாக வெட்டிய சிமென்ட் தகடுகளும் அப்படித்தான். தீப்பிடிக்காது, செல்லரிக்காது என்று அன்றைக்குப் பெருமையாக விற்ற சரக்கு. அது உடையாமல் கிடக்கும்வரை பெரும்பாலும் ஆபத்தில்லை. உடைத்து, துளைத்து, தேய்த்துத் தூளாக்கி, அது மூச்சில் போனால்தான் வம்பு. மாமா உளியும் சுத்தியலுமாக பேஸ்மென்டில் இறங்கியதை நான் ஓடிப்போய்த் தடுத்தேன். "நாப்பது வருஷம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டவன்மா நான்" என்றார். "அதனாலதான் மாமா சொல்றேன்" என்றேன். நாலு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்தத் தரையை அப்படியே விட்டு மேலே வேறு தரை விரித்துவிட்டோம்.

கூரைக்கு அடியில் இருக்கும் பரணில் பொரி கொட்டிவைத்தது மாதிரி, பளபளவென்று பழுப்பும் பொன்னிறமுமாகச் சின்னச் சின்னத் துணுக்குகள் கிடந்தால் அது குளிர் தாங்கக் கொட்டிவைத்த வெர்மிகுலைட். கையை விட்டு அளைய வேண்டாம். அந்தக் காலத்தில் விற்றதில் பெரும்பகுதி மொன்டானா மாநிலத்தின் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்தது, அதிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது.

சாக்கடைக் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது கொஞ்சம் செலவுதான், செய்யுங்கள். போருக்குப் பின் இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்தபோது மரக்கூழைத் தாரில் ஊறவைத்துச் செய்த குழாய்களைப் பல இடங்களில் புதைத்தார்கள். ஆரஞ்ச்பர்க் குழாய் என்பார்கள். நாளாக நாளாக அது நசுங்கி முட்டை வடிவத்துக்கு வந்துவிடும்.

தாய்ப்பத்திரம் வரை போங்கள்

வில்லங்கம் பார்க்கும் வேலையை இங்கே டைட்டில் கம்பெனி செய்துவிடும். இருந்தாலும் ஒரு நாள் லீவு போட்டு நியூ பிரன்ஸ்விக்கில் இருக்கும் கவுன்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். உங்கள் பத்திரத்தின் பின்பகுதியில், இன்னாரிடமிருந்து இன்ன தேதியில் வாங்கிய அதே சொத்து என்று ஒரு வரி, கூடவே புத்தக எண்ணும் பக்க எண்ணும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு முந்தைய பத்திரம், அதற்கு முந்தையது என்று பின்னால் போகலாம். நம் ஊரில் தாய்ப்பத்திரம் தேடுவது மாதிரியேதான்.

எங்கள் பத்திரத்தில் கோழி, பன்றி வளர்க்கக் கூடாது, வீட்டு முகப்பு சாலையிலிருந்து 25 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள். என்னோடு வந்த தோழியின் வீடு போருக்கு முன் மனை பிரித்த இடம். அவள் பத்திரச் சங்கிலியில் 1940-ஐச் சேர்ந்த ஒரு பக்கத்தில், வெள்ளையர் அல்லாத எவரும் இந்த இடத்தில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் விதிவிலக்கு என்று அழகான டைப் எழுத்தில் இருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஒரு நகல் எடுத்துக்கொண்டாள்.

இப்படிப்பட்ட வரியை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-லேயே சொல்லிவிட்டது. ஆனால் வரி போனால் வழக்கம் போய்விடுமா? லெவிட் தொடர்ந்து கறுப்பர்களுக்கு வீடு விற்க மறுத்தார். இங்கிருந்து டர்ன்பைக்கில் தெற்கே போனால் வரும், லெவிட்டே கட்டிய பென்சில்வேனியா லெவிட்டவுனில், 1957 ஆகஸ்டில் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் முந்தைய சொந்தக்காரரிடமிருந்து வீடு வாங்கிக் குடிவந்தபோது, நாள்கணக்கில் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. வீட்டு விற்பனையில் பாகுபாட்டைத் தடுக்கும் நாடளாவிய சட்டம் வர 1968 ஆனது. நம்மைப் பற்றியோ, எங்கள் பத்திரத்தில் ஒன்றும் எழுத வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. 1946 முதல் 1965-ல் சட்டம் மாறும்வரை இந்தியாவுக்கென்று இருந்த குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர்.

மாமாவிடம் அந்த நகலைக் காட்டினேன். "கிரயப் பத்திரத்துல இதெல்லாமா எழுதுவான்?" என்றார். நம் பக்கத்தில் எழுதாமலே நடப்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா?

அறைகளை அளந்து பாருங்கள்

1950-ல் புதிதாகக் கட்டிய வீட்டின் சராசரி அளவே 1,000 சதுர அடிக்குள்தான். எங்களுடையது கேப் காட் வகை: கீழே இரண்டு படுக்கையறை, ஒரே ஒரு குளியலறை, மேலே பாதி முடித்த பரண். குழந்தைகள் பிறக்கப் பிறக்க மாடியை முடித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. கணக்கு தப்பவில்லை; 1954-லிருந்து பத்து வருடம் இந்த நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்தன. பாட்டிக்கு மட்டும் நாலு. அவருடைய அம்மா போரின்போது இங்கேயிருந்த ராரிட்டன் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவராம். போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாட்டியோ வேலைக்கே போகவில்லை. "கிச்சன் ஜன்னல் எங்கே வெச்சிருக்கான்னு பாரு" என்று ஒருநாள் காட்டினார். பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு நேர் மேலே, கொல்லைப்புறம் பார்த்து. பாத்திரம் தேய்த்தபடியே நாலு பிள்ளைகளையும் கண்காணிக்க வேண்டுமே.

பெற்றோர் வந்து ஆறு மாதம் தங்கும் வீடு உங்களுடையது என்றால், ஒரு குளியலறை போதாது. இரண்டாவது குளியலறைக்கு மாடியில் குழாய் ஏற்ற இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே ஒரு பிளம்பரைக் கூட்டிப்போய்க் கேளுங்கள். பழைய குளியலறையைப் பிரிக்கும்போது கையுறை கட்டாயம். மருந்து அலமாரியின் பின்பலகையில் மெல்லிய பிளவு ஒன்று இருக்கும். சவரம் செய்த பிளேடை அதில் போட்டால் சுவருக்குள் விழுந்துவிடும், அவ்வளவுதான் குப்பை ஏற்பாடு. எங்கள் ரோஸ் நிறக் குளியலறைச் சுவரைத் திறந்தபோது கைப்பிடி கைப்பிடியாகத் துருப்பிடித்த பிளேடுகள் கொட்டின. சுவர் நிரம்புவதற்குள் நாம் இருக்க மாட்டோம் என்று நினைத்த காலம்.

ஹாலில் சுவரோரம் தட்டையான பழுப்பு நிற வயர் ஒன்று ஜன்னல் இடுக்கு வழியாகக் கூரைக்குப் போனால், அது டி.வி. ஆன்டெனாவின் வயர். பிடுங்கிவிடலாம், ஒன்றுக்கும் உதவாது. 1950-ல் நூற்றில் ஒன்பது வீட்டில் இருந்த டி.வி. 1960-ல் 87 வீட்டுக்கு வந்துவிட்டது. பாட்டி வீட்டில் அது வந்த அன்றே நாற்காலிகளெல்லாம் திசை மாறின, வாசல் திண்ணையில் உட்காருவது நின்றுபோனது என்பார்.

எல்லாவற்றையும் மாற்றுங்கள், ஆனால் சமையலறைச் சுவரில் சங்கிலி தொங்கும் வட்ட விசிறி இருந்தால் அதை மட்டும் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். இன்று புது வீடுகள் பலவற்றில் அடுப்புக்கு மேலே மாட்டுவது புகையை உறிஞ்சி நம் முகத்திலேயே திரும்ப ஊதும் கருவி. இந்தப் பழைய விசிறியோ சங்கிலியை இழுத்தால் கதவு திறந்து, புகையை நேரே வெளியே தள்ளிவிடும். மிளகாய் வற்றல் தாளித்தால்கூட ஹாலில் தும்மல் கேட்காது. ரியல்டர் அதை "அசிங்கமா இருக்கு, எடுத்துடுங்க" என்பார், தலையை மட்டும் ஆட்டுங்கள். வருடத்துக்கு ஒரு தரம் பிளேடைக் கழற்றிப் பாத்திர சோப்பில் ஊறவையுங்கள், மோட்டாருக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வெளிப்பக்க மூடிக்குள் குருவி கூடு கட்டியிருக்கிறதா என்று ஏப்ரலுக்குள் பார்த்துவிடுங்கள்; முட்டையிட்டுவிட்டால் குஞ்சு பறக்கும்வரை தாளிப்பைத் தள்ளிப்போட வேண்டியதுதான்.